இரண்டு ஆண்டுகள் யாரும் சரிபார்க்காத ஓர் எண்

வங்கியின் இணையதளத்தைத் திறந்ததும் நம் கணினிக்கும் வங்கியின் சர்வருக்கும் இடையே செல்லும் செய்திகளை, இடையில் எவரும் படிக்க முடியாதபடி ஒரு நிரல் மறையாக்கம் செய்கிறது. 2014இல் உலகின் இணையச் சர்வர்களில் பெரும்பகுதி இதற்கு நம்பியிருந்தது, 1998இல் தொடங்கப்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளை. அதை எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். மாபெரும் நிறுவனங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பிழை இருப்பது உலகுக்குத் தெரியவந்தது.

மறையாக்க இணைப்பைப் புதிதாக ஏற்படுத்துவதற்குக் கணிப்புச் செலவு அதிகம் என்பதால், இருக்கும் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறதா என்று சோதிக்க ‘இதயத்துடிப்பு’ என்றொரு வசதி உண்டு. ஒரு பக்கம் சிறு செய்தியொன்றை அனுப்பி, அது எத்தனை பைட் நீளமுள்ளது என்பதையும் ஓர் எண்ணாகச் சொல்லும்; மறுபக்கம் அச்செய்தியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லப்பட்ட நீளமும் உண்மையில் வந்த நீளமும் ஒன்றுதானா என்று ஓபன்எஸ்எஸ்எல் பார்க்கவில்லை. அது எழுதப்பட்ட சி மொழியும் அதைத் தானாகக் கவனிப்பதில்லை. எனவே ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 65,535 பைட் என்று பொய் சொன்னால், சர்வர் அந்த ஒரு பைட்டோடு நினைவகத்தில் அதற்கடுத்துக் கிடந்த அனைத்தையும் ஏறத்தாழ 64 கிலோபைட் வரை நகலெடுத்துக் கொடுத்துவிடும். அதில் சற்றுமுன் யாரோ உள்ளிட்ட கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் மறையாக்கச் சாவியே கூட இருக்கலாம். மீண்டும் மீண்டும் கேட்டால் வேறு வேறு துண்டுகள் வரும். சர்வரின் வழக்கமான பதிவுகளில் தடயம் ஏதும் இராது. கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழியாகத் திருடப்பட்டன.

நீளங்களை ஒப்பிட்டு, பொருந்தாத கோரிக்கையைப் புறக்கணிக்கும் சில வரிகளே இதற்குத் தீர்வாயின. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்த இத்தனை எளிய பிழை இரண்டு ஆண்டுகள் தப்பியிருந்ததற்குக் காரணத்தைக் கணினியியலில் தேடிப் பயனில்லை. மூலநிரல் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஆனால் படிப்பதற்காகச் சம்பளம் பெற்றவர்கள் எவருமில்லை என்றே சொல்லலாம். அப்போது அத்திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்.

ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பொருளைப் பொதுப்பண்டம் என்று பொருளியலார் சொல்வார்கள். பால் சாமுவேல்சன் 1954இல் இதைக் கணித வடிவில் விளக்கி, இத்தகைய பொருளைச் சந்தை தானாகப் போதிய அளவில் தராது என்று காட்டினார். பிறர் செலவிட்டாலும் பயன் தனக்குக் கிடைத்துவிடும் என்னும்போது எந்த நிறுவனமும் முந்திக்கொண்டு செலவிடாது. இதைப் பேராசை என்று திட்டிவிடுவது எளிது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தது என்பதுதான் சிக்கல். கட்டணம் வசூலிக்கக்கூடிய மேலடுக்கில் பணம் குவிய, வசூலிக்க வழியில்லாத கீழடுக்கு ஓரிருவரின் உழைப்பில் நின்றது.

ஹார்ட்பிளீட் வெளியான அதே மாதத்தில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியாக, இத்தகைய திட்டங்களின் பராமரிப்புக்காக ஆண்டுக்குத் தலா 1,00,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்தன. செய்திகள் இதைக் கொடை என்றன; தள்ளிப்போட்ட பராமரிப்புச் செலவு என்பதே என் கருத்து. 2022இல் ஜெர்மனி அரசு வரிப்பணத்திலிருந்தே இதற்கொரு நிதியத்தை நிறுவியது கூடுதல் நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

ஆயினும் பணம் பெயர் தெரிந்த திட்டங்களையே முதலில் தேடிச் செல்கிறது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கருவியை ஊதியமின்றி ஒருவர் பராமரித்துவந்தார். அவருடைய களைப்பைப் பயன்படுத்திக்கொண்டு, ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவ வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024இல் அதற்குள், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் பிறர் அறியாமல் நுழைய உதவும் ஒரு கள்ளவழியைப் புகுத்தினார். தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று அதைக் கண்டுபிடித்தவர், தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். அவருக்குச் சம்பளம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். எக்ஸ்இசட்டைச் சரிபார்ப்பது அவர் வேலையல்ல.