இணைய முகவரி வெறும் எழுத்துச்சரம் அன்று

இணைய முகவரியைப் பெரும்பாலான நிரல்கள் எழுத்துச்சரமாகவே கையாளுகின்றன. துண்டுகளை ஒட்டினால் முகவரி தயார். ‘/தேடல்?சொல்=’ என்பதோடு, பயனர் தட்டிய ‘சி#’ என்ற நிரல்மொழிப் பெயரை அப்படியே ஒட்டிப் பாருங்கள். ‘#’ குறிக்குப் பின் வருவது பக்கத்தினுள் ஓர் இடத்தைச் சுட்டும் பகுதி என்பதால், உலாவி அந்தக் குறியிலிருந்து எதையும் சர்வருக்கு அனுப்பாது. சர்வரோ வெறும் ‘சி’ என்று தேடி, பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான விடையைத் தந்துவிடும். ‘#’ என்பதை ‘%23’ என்று மாற்றி எழுதியிருக்க வேண்டும். அதையே இருவர் இரு இடங்களில் செய்தால், ‘%’ குறியும் ‘%25’ என்று மாறி, ‘%2523’ ஆகிவிடும், அதுவும் பிழைதான்.

ஒரு மதிப்பை வாங்கி இன்னொன்றைத் தரும் செயற்கூறுகளால் நிரலை அமைக்கும் செயல்பாட்டு நிரலாக்கம் இந்தச் சிக்கலை வேரிலேயே கிள்ளுகிறது. 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்னும் இணையத் தரநிலை ஆவணம் முகவரியை ஐந்து உறுப்புகளாகப் பிரிக்கிறது: நெறிமுறை, சர்வரின் பெயரும் போர்ட்டும், பாதை, ‘?’ குறிக்குப் பின் வரும் வினவல், ‘#’ குறிக்குப் பின் வரும் உட்பகுதி. எல்ம் என்னும் செயல்பாட்டு நிரல்மொழி இவற்றைத் தனித்தனிப் பெயரிட்ட புலங்கள் கொண்ட ஒரு பதிவாகவே வைத்திருக்கிறது. அதில் வினவல் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்னும் வகையைச் சேர்ந்தது, ஆகவே ‘?’ இல்லாத முகவரியும், ‘?’ இருந்து அதன்பின் எதுவும் இல்லாத முகவரியும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த படி. ஒரு தளத்தின் பக்கங்களை ‘முகப்பு, அல்லது எண்ணுடன் கூடிய கட்டுரை, அல்லது சொல்லுடன் கூடிய தேடல்’ என்று ஒரே வகையாக அறிவித்துவிடலாம். இதைக் கூட்டல் வகை என்பார்கள். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை மதிப்புகள் இயலுமோ அவற்றைக் கூட்டினால் மொத்தம் வருவதால் அந்தப் பெயர். நாளை ‘ஆசிரியர்’ என்னும் கிளையைச் சேர்த்தால், கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கையாளும் இடங்களில் அதை விட்டுவிட்டவற்றை எல்ம் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்குத் தொகுக்கும் மென்பொருள்) சுட்டிக்காட்டி, சரிசெய்யும்வரை நிரலைத் தொகுக்க மறுக்கும். கட்டுரை எண் முழு எண்ணாகவே வைக்கப்படுவதால், ‘/கட்டுரை/நாளை’ என்ற முகவரி வாசலிலேயே தடுக்கப்படும்.

இந்த வகையின் மதிப்பை முகவரிச் சரமாக மாற்றும் செயற்கூறு ஒன்று, சரத்திலிருந்து மீட்கும் செயற்கூறு ஒன்று. ‘#’ என்பதை ‘%23’ ஆக்குவது போன்ற குறியாக்கம் முழுவதும் இந்த இரண்டுக்குள் மட்டுமே நடக்கும். எந்த மதிப்பை எழுதித் திரும்பப் படித்தாலும் அதே மதிப்பு கிடைக்க வேண்டும் என்பது இவ்விரண்டையும் பிணைக்கும் விதி. ஹாஸ்கெல் மொழியின் குவிக்செக் போன்ற கருவிகள், தாமாகவே உருவாக்கும் நூற்றுக்கணக்கான மதிப்புகளைக் கொண்டு இவ்விதியைச் சோதிக்கும். ஆனால் இதன் மறுதலை உண்மையன்று: ‘%37’ என்பது ‘7’-இன் குறியாக்கம், ஆகவே ‘/கட்டுரை/%37’ என்பதும் ‘/கட்டுரை/7’ என்பதும் ஒரே கட்டுரையைக் குறிப்பதால், முதலாவதைப் படித்துத் திரும்ப எழுதினால் இரண்டாவதுதான் வரும்.