அங்கே ‘பி’, இங்கே ‘சி’

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர், ராத்திரி ஷிஃப்ட். இரண்டு நோடு (சர்வர்) சேர்ந்து இயங்கும் கிளஸ்டருக்குப் புதிதாக ஒரு 500 ஜிபி லன், அதாவது ஸ்டோரேஜ் பெட்டி ஒதுக்கித் தரும் டிஸ்க், வந்திருந்தது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்த பழைய லன்னும் 500 ஜிபிதான். வினை அங்கேதான். முதல் நோடில் பார்த்து, புதுசின் பெயர் ‘எம்பாத்பி’ (mpathb) என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். அப்புறம் இரண்டாவது நோடில் உட்கார்ந்து, அதே பெயரை ஃபார்மட் செய்யக் கட்டளை கொடுத்தேன். ‘ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருக்கிறது’ என்று அது மறுத்தது. யாரோ பயன்படுத்திய பழைய லன்னைக் கொடுத்துவிட்டார்கள் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கட்டாயப்படுத்தும் ‘-எஃப்’ சேர்த்துத் தட்டினேன். அந்த நோடில் புதுசு ‘எம்பாத்சி’; ‘எம்பாத்பி’ டேட்டாபேஸ் லன். சில நொடிகளில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். விடியும்வரை ரெஸ்டோர்.

டிஸ்க்குகள் கண்ணில் படும் வரிசையில் லினக்ஸ் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கிறது. ரீபூட் செய்தால் அது மாறலாம். சர்வரிலிருந்து லன்னுக்கு நான்கு பாதை இருந்தால் ஒரே லன்னுக்கு நான்கு பெயர். மல்டிபாத் என்ற லினக்ஸ் மென்பொருள் அவற்றை ஒன்றாகச் சேர்த்து எம்பாத்ஏ, எம்பாத்பி என்கிறது. ஆனால் அந்தப் பெயர்ப் பதிவு ‘பைண்டிங்ஸ்’ என்ற கோப்பில், ஒவ்வொரு நோடிலும் தனித்தனியாக இருக்கிறது. இந்த நோடு வைத்த பெயர் அந்த நோடுக்குத் தெரியாது. ஏரியாவைச் சொல்லாமல் ‘இரண்டாவது மெயின் ரோடு’ என்று மட்டும் சொல்லி சென்னையில் ஆட்டோ ஏறிப் பாருங்கள், புரியும்.

எங்கிருந்து பார்த்தாலும் மாறாதது டபிள்யூடபிள்யூஐடி (WWID). ஸ்டோரேஜ் பெட்டியே லன்னுக்குக் கொடுக்கும் அடையாளம். லினக்ஸில் பெரும்பாலும் 33 எழுத்து, 36 என்று தொடங்கும். ஸ்டோரேஜ் டீம் அனுப்பும் எண்ணில் முன்னால் இருக்கும் அந்த 3 வழக்கமாக இருக்காது. வேறு லன் என்று பதற வேண்டாம். ஒரே பெட்டியின் லன்களுக்கு முன்பாதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் பல பெட்டிகளில் வாலில்.

இந்த எண்ணை வைத்து மல்டிபாத் கான்ஃபிக்கில் ‘டிபி_டேட்டா’ மாதிரி ஒரு அலியாஸ் (மாற்றுப்பெயர்) கொடுத்து, அந்தப் பகுதியை எல்லா நோடிலும் அப்படியே போடுங்கள். ரீலோட் செய்து, பெயரையும் எண்ணையும் காட்டும் ‘மல்டிபாத் -எல்எல்’ கட்டளையை அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இப்போதெல்லாம் எங்கள் டீமில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மற்ற நோடில் சரிபார்ப்பார். “சைஸ் சரியாத்தானே அண்ணா இருக்கு?” என்று ஜூனியர் பையன் கேட்டால், கடைசி ஆறு எழுத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.