செங்கிஸ் கான்: பட்டத்தின் பொருளும் தமிழ் நிகரும்

செங்கிஸ் கான் என்று நாம் வழங்குவது ஒரு பட்டப்பெயர். 1206ஆம் ஆண்டில் ஓனோன் ஆற்றின் தலைப்பகுதியில் கூடிய குரில்தாய் என்னும் குலத்தலைவர்களின் பேரவை, சிதறிக் கிடந்த மங்கோலியப் புல்வெளிக் குலங்களை ஒரு கொடியின்கீழ்க் கொண்டுவந்த தெமுஜினுக்கு அதைச் சூட்டியது. தெமுஜின் என்ற இயற்பெயர் இரும்பைக் குறிக்கும் தெமுர் என்ற சொல்லோடு உறவுடையது. தந்தை எசுகெய் போரில் சிறைப்பிடித்த தாத்தார் குலத் தலைவன் ஒருவனின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டதாக மங்கோலியரின் மறைவரலாறு என்னும் பழைய நூல் கூறுகிறது.

மங்கோலியர் இப்பட்டத்தைச் சகர ஒலியில் தொடங்கி, ஏறத்தாழச் சிங்கிஸ் என்றே ஒலிக்கின்றனர். அரபு எழுத்தில் அந்த ஒலிக்குத் தனி வடிவம் இல்லாததால் அது ஜகரமாயிற்று; அவ்வடிவம் ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்து, தமிழில் ஜெங்கிஸ் என்றும் எழுதப்படுகிறது. வல்லின ஒலிப்பைக் காட்டும் சகரம் நம்மிடமே இருக்கும்போது இந்தச் சுற்றுவழி நமக்குத் தேவையில்லை.

சிங்கிஸ் என்பதன் பொருள் குறித்து அறிஞரிடையே இரண்டு கருத்துகள் முதன்மையானவை. துருக்கிய மொழிகளில் கடலைக் குறிக்கும் தெங்கிஸ் என்ற சொல்லின் திரிபு இது, ஆகவே ‘கடல்போல் பரந்த ஆட்சியாளன்’ என்பது பொருள் என்பது பழைய கருத்து. இதற்குத் துணையாக, அவருடைய பேரன் குயுக் 1246இல் போப்பாண்டவர் நான்காம் இன்னொசென்டுக்கு அனுப்பிய கடிதத்தின் முத்திரையில் ‘கடல் கான்’ என்ற பொருள்படும் தொடர் இருப்பதைக் காட்டுவர். ஆனால் அங்கே கடலுக்கு ஆளப்பட்டது தலாய் என்ற மங்கோலியச் சொல்; பிற்காலத்தில் தலாய் லாமா என்ற பட்டத்தில் நாம் காண்பதும் அதுவே. சொந்த மொழியில் அத்தனை பழகிய சொல் இருக்க, துருக்கியச் சொல்லைத் திரித்து வழங்க வேண்டிய காரணம் விளங்கவில்லை. கடுமை, உறுதி, வெம்மை என்னும் பொருளுடைய துருக்கியச் சொல்லே மூலம் என்ற பிற்காலக் கருத்து எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

கான் என்பது புல்வெளி மக்களிடையே அரசனைக் குறிக்கும் பொதுச்சொல். தமிழில் காட்டைக் குறிக்கும் கான் வேறு சொல். கோன் என்ற தமிழ்ச்சொல்லே கான் ஆயிற்று என்று கூறுவதும் ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிய கூற்று. அதற்குச் சான்று இல்லை. கான்களுக்கு மேற்பட்ட பேரரசனைக் குறிக்கும் சொல் ககான். 1225ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்டு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள, மங்கோலிய மொழியின் மிகப் பழைய கல்வெட்டு அவரைச் சிங்கிஸ் கான் என்றே குறிக்கிறது. ககான் என்பதை ஆட்சிப் பட்டமாகக் கொண்டவர் 1229இல் அரியணை ஏறிய மகன் ஒகதேய். இக்கால மங்கோலியாவில் தந்தைக்கும் ககான் என்பதன் மருவுச்சொல்லையே வழங்குகின்றனர். அவர் வாழ்ந்தபோது கொள்ளாத உயர்வைப் பின்வந்தோர் அவருக்கு அளித்துள்ளனர்.

தமிழ் நிகருக்கு வருவோம். மாமன்னர், மாவீரர், உலகை வென்ற பேரரசர் என்றெல்லாம் எழுதும்போது, மூலச்சொல்லில் இல்லாத புகழுரையை நாம் சேர்த்துவிடுகிறோம். கடுமை என்ற பொருளைக் கொண்டால் நமக்குப் பொருத்தமான சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது: கடுங்கோ. பாலை பாடிய பெருங்கடுங்கோ, செல்வக் கடுங்கோ வாழியாதன் என்னும் சேரர் பெயர்களிலும் புகளூர்க் கல்வெட்டிலும் அது இடம்பெற்றுள்ளது. பகைவர் அஞ்சும் ஆற்றலை அது சொல்கிறது; அறம் உடையவன், இல்லாதவன் என்ற தீர்ப்பை அது சொல்வதில்லை. ககானுக்கு வேந்தர் வேந்தன் என்பது பொருந்தும்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அவருடைய பெருமையை அளப்பவர்கள் பெரும்பாலும் பட்டத்திலேயே தீர்ப்பை ஏற்றிவிடுவதுதான். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் எனப் படையை வகுத்துப் பழைய குலப்பகையை அதற்குள் கரைத்ததும், எழுத்தில்லாத தம் மக்களுக்கு உய்குர் எழுத்தைக் கொணர்ந்ததும், பல சமயத் துறவியருக்கு வரிவிலக்கு அளித்ததும் உண்மையான அருஞ்செயல்கள். ஒத்ரார் நகரில் தம் வணிகர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க 1219இல் நடு ஆசியாவின் குவாரஸ்ம் நாட்டின்மீது படையெடுத்து, 1220இல் புகாராவையும் சமர்கந்தையும் வீழ்த்தியதும், 1221இல் மெர்வ், நிஷாப்பூர் மக்களைத் தம் மகன் தொலுயின் படை கொன்று குவிக்கச் செய்ததும் அதே அளவுக்கு உண்மை. அக்கால ஆசிரியர்கள் தரும் பல இலட்சக் கணக்குகள் மிகையானவை. ஆனால் மிகையைக் கழித்த பின்னும் எஞ்சும் அழிவு பெரிது, அதை ஆட்சித்திறனைக் காட்டி ஈடுசெய்துவிட முடியாது. அதேவேளை, 1258இல் பாக்தாதை அழித்த பழியையும் அவர்மேல் சுமத்துவது பிழை. அவர் 1227இலேயே இன்றைய வடமேற்குச் சீனாவில் இருந்த மேற்குச் சியா நாட்டுப் போரின்போது இறந்துவிட்டார். பாக்தாதை அழித்தவர் பேரன் ஹுலாகு.

எழுதுவோர் 1206க்கு முந்திய நிகழ்வுகளில் தெமுஜின் என்றும், பிந்தியவற்றில் சிங்கிஸ் கான் என்றும் குறிப்பது நலம். பழகிப்போன செங்கிஸ் என்ற வடிவமும் ஏற்கத்தக்கதே. ஒகதேய், குயுக், மோங்கே, குப்லாய் ஆகிய பின்னவர்களுக்கு மட்டும் ககான் என்பதைச் சேர்த்து எழுதலாம். சிங்கிஸுக்கு அதைச் சேர்த்தால், பிற்காலத்தார் அளித்த சிறப்பு அது என்று ஒரு சொல்லேனும் உடன் குறிப்பிட வேண்டும்.