மீனுக்கும் இறாலுக்கும் எத்திக்ஸ் கமிட்டி எதற்கு?

மும்பைக்கு மீன்வள ஆராய்ச்சி செய்ய வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கு முதுகலை, பிஎச்.டி. என்று வருவார்கள். வேறு சிலர் பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்குச் சோதனை செய்து தரும் தனியார் ஆய்வகங்களில் சேருவார்கள். யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: எலிக்கும் முயலுக்கும் சோதனை அனுமதி தர எத்திக்ஸ் கமிட்டி இருப்பது சரி, மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விற்கிற மீனுக்கும் இறாலுக்குமா?

ஆமாம், அதற்கும்தான். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தன் இரண்டாம் பிரிவிலேயே, மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் விலங்கு என்று சொல்லிவிடுகிறது. முதுகெலும்பு உண்டா, இரத்தம் சூடா குளிரா என்றெல்லாம் அது பிரித்துப் பார்க்கவில்லை. அப்புறம் சயான் மார்க்கெட்டில் நண்டை உயிரோடு உடைக்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? உணவுக்காகக் கொல்வதற்குப் பிரிவு 11 விலக்கு கொடுத்திருக்கிறது, தேவையில்லாத வலி கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை யார் கவனிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்த விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது. ஆராய்ச்சிக்கென்று 14 முதல் 20 வரை தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சோதனை செய்யலாம், ஆனால் மேற்பார்வையில், மயக்கம் கொடுத்து, வெறும் கைப்பழக்கத்துக்காக இல்லாமல் என்பதுதான் அவற்றின் சாரம்.

மேற்பார்வை செய்யும் மத்தியக் குழுவுக்கு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் நிறுவனம் இந்தக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும், நிறுவனத்துக்குள் ஒரு விலங்கு எத்திக்ஸ் கமிட்டியும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத ஒருவர், மத்தியக் குழு நியமித்தவர் எல்லாரும் அதில் உட்காருவார்கள். நீங்கள் 'பி' படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மீன் மாதிரி சிறிய உயிர்கள் என்றால் பொதுவாக உள்ளூர்க் கமிட்டியே முடிவு சொல்லிவிடும், டெல்லி வரை போக வேண்டியதில்லை. மீன் சோதனைக்கென்றே 2021-இல் தனி வழிகாட்டுதலும் வந்தது, விண்ணப்பம் எழுதும் முன் அதை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்.

கமிட்டியில் உங்களை உலுக்கப்போகிற கேள்வி எண்ணிக்கை. ரசாயனச் சோதனை முறைகளை வகுத்துத் தரும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 203-ஆம் எண் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரசாயனம் 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்ல எந்தச் செறிவு வேண்டும் என்று பார்ப்பது அது. குறைந்தது ஐந்து செறிவு, ஒவ்வொன்றுக்கும் ஏழு மீன், ரசாயனம் கலக்காத தொட்டியில் இன்னொரு ஏழு, ஆக ஒரே ஒரு ரசாயனத்துக்கு 42 மீன். அதனால்தான், 'கருவை வைத்துச் செய்ய முடியாதா?' என்று கேட்பார்கள். ஜீப்ராஃபிஷ் என்ற சின்ன மீனின் கருவை மட்டும் வைத்துச் செய்யும் 236-ஆம் எண் சோதனை 2013-இலிருந்தே இருக்கிறது. 'முடியாது' என்று எழுதினால் காரணத்தையும் எழுதியாக வேண்டும். 'எங்கள் லேபில் வழக்கமாக இப்படித்தான்' என்பது காரணமே இல்லை.

அடுத்தது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்பது. மீன் செத்த பிறகு எண்ணுவது சுலபம், ஆனால் அது சாகப்போவது முன்கூட்டியே தெரியும்: சமநிலை இழந்து பக்கவாட்டில் சாயும், மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், தொட்டியைத் தட்டினாலும் அசையாது. இதில் எந்த அறிகுறி தெரிந்ததும் மீனை எடுத்துவிடுவீர்கள், இரவு 2 மணிக்கு அதைப் பார்க்க அங்கே யார் இருப்பார்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கொல்லும் முறையும் அப்படித்தான். எம்.எஸ்.-222 மயக்க மருந்து தண்ணீரை அமிலமாக்கும், சோடா உப்பு சேர்த்துச் சரிசெய்யாமல் போட்டால் மயங்குவதற்கு முன்பே மீனுக்கு எரியும். செவுள் மூடி அசைவது நின்றவுடன் எடுத்துவிடவும் கூடாது, அதற்கு மேலும் பத்து நிமிடமாவது உள்ளேயே இருக்க வேண்டும்.

'மீனுக்கு வலியா?' என்று இன்னும் சிரிப்பவர்கள் உண்டு. விஞ்ஞானி லின் ஸ்னெடனின் குழு 2003-இல் டிரவுட் மீனின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தை ஊசியால் ஏற்றியது. சில மீன்கள் உதட்டைத் தொட்டிச் சரளையில் தேய்த்தன, தீனி பக்கம் வர நேரம் எடுத்துக்கொண்டன. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. ராபர்ட் எல்வுட் என்ற இன்னொரு விஞ்ஞானி நண்டுகளை வைத்துச் சோதனை செய்தார். இருட்டான இரண்டு மறைவிடங்களில் ஒன்றுக்குள் போனால் ஷாக், மற்றதில் இல்லை. சில தடவை பட்டதும் நண்டுகள் இடத்தை மாற்றிக்கொண்டன. வலிதானா, வெறும் அனிச்சைச் செயலா என்ற வாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் பிரிட்டன் தன் 2022 சட்டத்தில் நண்டு, இறால், சிங்கி இறாலை உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆராய்ச்சியைக் கட்டுப்படுத்தும் 1986 சட்டத்துக்குள் நண்டு இன்னும் வரவில்லை, ஆக்டோபஸ் வந்துவிட்டது.

இங்கே இறாலில்தான் சிக்கல். மூலச் சட்டம் அதையும் விலங்கு என்கிறது, 2021 வழிகாட்டுதலோ மீனுக்கானது. மீனுக்கான மயக்க அளவை அப்படியே இறாலுக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. கண்தண்டு, அதாவது இறாலின் கண்ணைத் தாங்கும் காம்பு, அதை நீக்குவதையே பாருங்கள். சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் இருக்கும் இடம் அது என்பதால், பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்தண்டை நசுக்கியோ வெட்டியோ விடுகிறார்கள். தொழிலில் பல வருடமாக நடக்கிறது என்பதற்காக ஆய்வகத்தில் கேள்வி இல்லாமல் போய்விடாது. என் யோசனை: இறால், நண்டு வேலைக்கும் விண்ணப்பம் போடுங்கள். 'அனுமதி தேவையில்லை' என்று கமிட்டி சொன்னால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்கள் அனுமதி எண் கேட்கும், வேலை முடிந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். கடலில் நேரடியாகப் பிடிப்பதாக இருந்தால் பாதுகாக்கப்பட்ட இனமா என்றும் பாருங்கள். கடல்குதிரையைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் வந்து நிற்கும்.

மீறினால் தண்டனை? 1960 சட்டத்தின் பிரிவு 20-இன்படி அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம், மாட்டுங்காவில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் அதைவிட ஆகும். உண்மையான பல் பிரிவு 19-இல் இருக்கிறது: நிபந்தனையை மீறும் நபரையோ நிறுவனத்தையோ சோதனையே செய்யாதே என்று குழு தடுக்கலாம், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம். உங்கள் லேபில் தப்பு நடப்பதைப் பார்த்தால் தேதி, தொட்டி எண், நீங்கள் பார்த்தது இதை மட்டும் குறித்து முதலில் கமிட்டித் தலைவருக்கு எழுதுங்கள். அங்கே அசையாவிட்டால் மத்தியக் குழு நியமித்த உறுப்பினர் இருக்கிறார், அதற்கு மேல் குழுவுக்கே நேரடியாக எழுதலாம்.