பெருந்தொற்று ‘தயார்நிலை’ அல்ல, முன்னேற்பாடு

2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் ‘பேண்டமிக் பிரிப்பேர்ட்னஸ்’ வரும் இடமெல்லாம் ‘பெருந்தொற்றுத் தயார்நிலை’ என்று எழுதிவிடுகிறார்கள். தொடரின் முதற்பாதியில் குறையில்லை. பிற்பாதி தவறு.

முதற்பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘டெமோஸ்’ என்றால் மக்கள், ‘பான்’ என்றால் எல்லாம். எல்லா மக்களையும் தொடுவது பேண்டமிக், அதாவது பெருந்தொற்று. ஒரு வட்டாரத்தில் வழக்கத்தை மீறிப் பரவுவது எபிடெமிக். அதற்குக் கொள்ளைநோய் என்ற பழைய சொல்லே போதும். இரண்டையும் ‘தொற்றுநோய்’ என்று எழுதுவது சரியன்று; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் எந்த நோயும் தொற்றுநோய்தான். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை, கொள்ளைநோய் இல்லாத ஆண்டிலும் தொற்றுநோய் மருத்துவமனைதான்.

பிரிப்பேர்ட்னஸ் லத்தீனிலிருந்து வந்தது. ‘ப்ரே’ என்றால் முன், ‘பராரே’ என்றால் ஆக்கிவைத்தல். முன்னதாகச் செய்துவைத்தல் என்பதே அடிப்பொருள். ‘தயார்நிலை’யில் அந்த ‘முன்’னும் இல்லை, ‘செய்தல்’ என்பதும் இல்லை. எஞ்சியிருப்பது வெறும் நிலை.

சென்னைவாசிக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வடகிழக்குப் பருவமழை போதும். ‘மீட்புப் படையினர் தயார் நிலையில் உள்ளனர்’ என்று புயல் நேரத்தில் செய்தி வருகிறது. அது சரியான பயன்பாடு. ஆள் நிற்கிறார், படகு நிற்கிறது, அழைத்தால் புறப்படும். அக்டோபருக்கு முன்பே வடிகாலைத் தூர்வாருவதையும், எந்தச் சுரங்கப்பாதைக்கு எந்தப் பம்பு என்று எழுதிவைப்பதையும், முகாமாகப் போகும் பள்ளியின் சாவி யாரிடம் என்று முடிவு செய்வதையும் யாரும் தயார்நிலை என்பதில்லை. அவை முன்னேற்பாடுகள்.

‘50 ஆக்சிஜன் சிலிண்டர்கள் தயார் நிலையில்’ என்ற வரியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது சுமார் பதினொன்றரை மணி நேரம் வரும். மூக்குக்குழாய் வழியாக 60 லிட்டர் வேகத்தில் கொடுத்தால் 2 மணி நேரம்கூட வராது. அந்த வேகத்தில் 10 பேர் இருந்தால் ஐம்பதும் பத்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மறுபடி நிரப்புவது எங்கே, எந்த வண்டியில், எத்தனை மணி நேரத்தில் என்பதுதான் கேள்வி. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் ஆலையும் அப்படித்தான். அதிலுள்ள சியோலைட் என்னும் நுண்துளைப் பொருள் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு சுமார் 93 விழுக்காடு தூய்மையில் ஆக்சிஜனை விடும். உலர்த்தியைப் பராமரிக்காமல் ஈரக்காற்று உள்ளே போனால் சியோலைட் கெடும், தூய்மை இறங்கும். திறப்புவிழா நாளில் ஆலை தயார்நிலையில்தான் இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தமும், இயக்கத் தெரிந்த ஆளும், மாற்று மின்சாரமும் ஏற்பாட்டைச் சேர்ந்தவை.

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான். 2007 முதல் நடப்பில் உள்ள சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, அவசர நிகழ்வு பற்றிய தகவல் வந்தால் நாடு 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். அது விதிகளில் சொன்ன வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு சங்கிலியே வேலை செய்தாக வேண்டும். கிராமச் செவிலியர் சந்தேகத்தைப் பதிவு செய்கிறார், மருத்துவர் தன் கணிப்பைச் சேர்க்கிறார், ஆய்வகம் உறுதிசெய்கிறது. வைரஸ் மாதிரி 2 முதல் 8 டிகிரிக் குளிரில், மூன்றடுக்கு உறைக்குள் போய்ச் சேர வேண்டும். பெட்டியில் பனிக்கட்டி உருகினாலும், ஆய்வகத்தில் வினைப்பொருள் தீர்ந்தாலும், ‘முழுசா உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம்’ என்று ஒருவர் காத்திருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இந்தத் திறன்களை வெளிநாட்டு வல்லுநரும் உள்நாட்டாரும் சேர்ந்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு மதிப்பிடுகிறார்கள். தயார்நிலைக்கு அப்படிப் படி கிடையாது. தயார் என்றால் தயார், இல்லையென்றால் இல்லை. ஏற்பாட்டைக் கால்வாசி, பாதி, முக்கால்வாசி என்று அளக்கலாம். கல்யாண வீட்டில் ‘ஏற்பாடெல்லாம் எந்த அளவில் இருக்கு?’ என்றுதான் கேட்கிறோம்.

‘தயார்’ உருது வழி வந்த சொல் என்பதால் இந்த மறுப்பு எழவில்லை. ‘சாப்பாடு தயார்’ என்பதில் ஒரு குறையும் இல்லை. தூய்மை நோக்கில் சிலர் முன்வைக்கும் ‘ஆயத்தம்’ வடமொழி வழி வந்தது, ஆகவே அந்த வாதம் அவர்களுக்கே உதவாது. இலங்கைத் தமிழரின் ‘முன்னாயத்தம்’ பொருளளவில் சரியான சொல், ‘முன்’னை விடாமல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆயத்தம் பேச்சிலிருந்து நழுவிவிட்டது என்பது மட்டுமே குறை.

‘ஏற்பாடு’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. விவிலியத்தின் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்பதில் அது உடன்படிக்கை. பெருந்தொற்று விவகாரத்துக்கு இந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. தான் கொடுக்கும் பறவைக்காய்ச்சல் வைரஸ் மாதிரிகளிலிருந்து செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாது என்று 2007இல் இந்தோனேசியா மாதிரி தர மறுத்தது. அந்தப் பூசலிலிருந்து 2011இல் இன்ஃபுளுவென்சா வைரஸ் பகிர்வுக்கும் பலன் பகிர்வுக்கும் ஒரு சட்டகம் பிறந்தது. 2025 உடன்பாட்டிலும் இதே பகிர்வு விவரங்களைத் தனி இணைப்புக்கு ஒதுக்கிவைத்தார்கள். தயார்நிலையில் ஒரு நாடு தனியாக நிற்கலாம், ஏற்பாட்டுக்கு எதிர்த்தரப்பும் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்துச் சொற்களையும் குழப்புகிறார்கள். ‘பிரிவென்ஷன்’ என்பது தடுப்பு. ‘பிரிகாஷன்’ முன்னெச்சரிக்கை, முகக்கவசம் அணிவது போல. ‘ரெஸ்பான்ஸ்’ என்பதைப் ‘பெருந்தொற்றுக்கான பதில்’ என்று எழுதினால் நோய் ஏதோ கேள்வி கேட்டதுபோல் இருக்கிறது. அது எதிர்கொள்ளல், அல்லது நடவடிக்கை. ‘ஃபோக்கல் பாயிண்ட்’ என்பதைக் குவியப்புள்ளி என்றால் கண்ணாடிக் கடைதான் நினைவுக்கு வரும். இரவு பகல் எந்நேரமும் தகவல் பெறவும் தரவும் வேண்டிய அலுவலகம் அது. தேசியத் தொடர்பு மையம் என்றால் எவருக்கும் விளங்கும்.

உலக சுகாதார நிறுவனமே பிரிப்பேர்ட்னஸ் வேறு, ‘ரெடினஸ்’ வேறு என்று பிரித்து எழுதுகிறது. ரெடினஸ் என்பது குறிப்பிட்ட ஆபத்து நெருங்கும்போது உடனே இறங்கக்கூடிய நிலை. அதற்குத் தயார்நிலை மிகப் பொருத்தம். அந்தச் சொல்லை பிரிப்பேர்ட்னஸுக்குச் செலவழித்துவிட்டால் ரெடினஸுக்கு என்ன எழுதுவது? இரண்டும் ஒரே வரியில் வந்தால் இப்படி எழுதலாம்: ‘ஆண்டுக்கணக்கான முன்னேற்பாடு இல்லாத மாவட்டத்தை ஒரே வாரத்தில் தயார்நிலைக்குக் கொண்டுவர முடியாது.’