கதறாதவரைத்தான் முதலில் பார்ப்போம்

கடந்த வாரம் சாலை விபத்தில் அடிபட்ட இருவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே வண்டியில் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு நெற்றிக்கு மேலே தோல் கிழிந்து முகம், கழுத்து, சட்டை எங்கும் ரத்தம். வலி தாங்காமல் அலறிக்கொண்டிருந்தார். உடன் வந்த ஆறேழு பேரும் அவரையே சூழ்ந்துகொண்டு, "முதலில் இவரைப் பாருங்கள்" என்று எங்கள் செவிலியரின் கையைப் பிடித்து இழுத்தார்கள். மற்றொருவர் இளைஞர். தானாகவே நடந்து வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. தண்ணீர் கேட்டார், யாரோ பாட்டிலை நீட்டினார்கள். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "களைத்துப் போயிருக்கிறான், தூங்கட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அருகில் போய் அவர் கையைத் தொட்டேன். சில்லிட்டு, வியர்வையில் பிசுபிசுத்தது. விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன். வெளுத்த இடம் மறுபடி சிவக்க நான்கு விநாடி ஆயிற்று; இரண்டு விநாடிக்குள் சிவந்திருக்க வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130. இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை அரங்கில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு லிட்டர் ரத்தம் தேங்கியிருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம், தலையில் அடிபட்டு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதே போல "தூங்கட்டும்" என்று விடப்பட்ட ஒருவர் பிழைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலறுகிறவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அலறுவதற்கு மூச்சுக்குழாய் திறந்திருக்க வேண்டும். நுரையீரலில் காற்று நிறைய வேண்டும். மூளைக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றும் அவருக்கு அந்த நேரத்தில் இருக்கின்றன என்பதை அவர் குரலே எங்களுக்குச் சொல்லிவிடுகிறது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலிக்கு மருந்து கொடுப்போம், கட்டாயம் கொடுப்போம். ஆனால் பேச்சு குழறுகிறவர், கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்கிறவர், இதுவரை முரண்டுபிடித்துவிட்டுத் திடீரென்று அடங்கிப்போகிறவர், இவர்களைக் கண்டால்தான் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். அடிபட்டவர் அமைதியாகிவிட்டால் வலி குறைந்துவிட்டது என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். தயவுசெய்து அடையாதீர்கள்.

ரத்தமும் அப்படித்தான். தலைத்தோலில் ரத்தநாளங்கள் அடர்த்தி. சின்னக் காயமே சட்டையை நனைத்துவிடும். பெரும்பாலும் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும், பிறகு தையல் போடலாம். வெளியே தெரியாத ரத்தத்தை யார் அழுத்திப் பிடிப்பது? வயிறு, மார்பு, இடுப்புக்கூடு, தொடை ஆகிய நான்கு இடங்களும் ஒரு சொட்டு வெளியே காட்டாமல் லிட்டர் கணக்கில் ரத்தத்தை விழுங்கக்கூடியவை. தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள் கசியலாம். உடலில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்.

"பி.பி. நார்மல் என்று முதல் மருத்துவமனையில் சொன்னார்களே" என்பது நான் வாரந்தோறும் கேட்கும் வாசகம். ஆரோக்கியமான இளம் உடல் ரத்தநாளங்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு மளமளவென்று சரியும். குழந்தைகள் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடித்து, இன்னும் வேகமாகச் சரிவார்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் சொல்வேன்: முதலில் நாடியைப் பார், தோலைத் தொட்டுப் பார், அப்புறம் கருவியைப் பார்.

வந்த வரிசையிலோ, சத்தத்தின் அளவிலோ, ஆளின் செல்வாக்கைப் பார்த்தோ சிகிச்சை தருவதில்லை என்பது நேற்று வந்த விதியல்ல. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே, பதவி எதுவானாலும் காயம் கடுமையாக உள்ளவருக்கே முதல் சிகிச்சை என்று போர்க்களத்திலேயே வகுத்துவிட்டார். இன்று அவசரத்தின் அளவைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிக்கிறோம். பச்சையில் காத்திருக்கச் சொன்னால் அது அவமதிப்பு ஆகாது. உங்கள் ஆளுக்கு இப்போதைக்கு உயிர் ஆபத்து தென்படவில்லை என்று பொருள்.

"ஸ்கேன்கூட எடுக்காமல் உள்ளே என்ன செய்கிறார்கள்?" என்றும் கோபப்படுகிறார்கள். ரத்தம் கொட்டி அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரை சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் அங்கேயே இழந்துவிடுவோம். படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்டு வைத்து வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேராக அறுவைக்குப் போவோம். ஆடையைக் கத்தரிப்பது மறைந்திருக்கும் காயத்தைத் தேட. உடனே போர்த்துவது, உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது என்பதற்காக.

சரி, நீங்கள் செய்ய வேண்டியவை. ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை தூக்கிப் பார்க்காதீர்கள். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருந்து ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். கழுத்தை வளைக்காதீர்கள், உட்காரவைத்து மடக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்! தாகமே ரத்தம் குறைவதன் அடையாளமாக இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் அதைக் கேட்பது வழக்குப் பதிவுக்காக மட்டும் அல்ல. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து ரத்தப்போக்கால் வரும் மரணத்தைக் குறைக்கும் என்று 2010இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும். தாமதித்தால் பலனில்லை, கெடுதலும் செய்யக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும்போது உங்கள் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பச்சையில் வைத்தவர் சிவப்புக்கு மாறுவது உண்டு. அதற்காகத்தான் நாங்களும் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறோம். நிறம் வெளுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு மாறினாலோ, கண் சொருகினாலோ உடனே வந்து சொல்லுங்கள். இப்போதுதானே சொன்னோம் என்று தயங்க வேண்டாம், மறுபடியும் சொல்லுங்கள்.