மருத்துவர் இல்லாத ஊரில் ஒரு கண் மருத்துவமனை

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து நோயாளிகளை நெடுங்காலம் முகாம்களின் வழியாகவே சென்றடைந்தது. ஆனால், கண்ணில் குறை உள்ளவர்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என்றோ ஒருநாள் வந்துபோகும் முகாமுக்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்கள் தேவைப்பட்டன. மையத்துக்கு ஒருவர் என்று அமர்த்தும் அளவுக்குக் கண் மருத்துவர்கள் இல்லாததால், மருத்துவரைக் காணொளியில் கொண்டுவர வேண்டியிருந்தது.

அன்று அந்த ஊர்களுக்குப் போதிய இணைய வசதி கிடையாது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விலை மலிவான வைஃபை கருவிகளைக் கொண்டே தேனிப் பகுதியில் மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். வைஃபை வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காக உருவானது. தகவலின் சிறு துண்டான ஒவ்வொரு தரவுப் பொதியையும் அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காக நொடியின் மிகச் சிறு பகுதி நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் பதில் தாமதமாக வருவதால், பொதி தொலைந்துவிட்டதாகக் கருதி மீண்டும் அனுப்பும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றையொன்று குழப்புவதும் உண்டு. எனவே கோபுரங்களில் அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களை எதிரெதிராகப் பொருத்தி, எந்த முனை எப்போது பேச வேண்டும் என்று நேரம் பிரித்து, பதில்களை மொத்தமாக அனுப்பும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

இந்த இணைப்பைவிடப் பெரிய மாற்றம் வேலைப் பங்கீட்டில் நிகழ்ந்தது என்பதே என் கருத்து. கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 2 ஆண்டுகள் பயிற்சி பெற்ற பெண்களே பார்வையை அளக்கிறார்கள், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் படமெடுக்கிறார்கள், நோயாளி சொல்வதைக் கணினியில் பதிகிறார்கள். மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்து, நோயாளியிடம் சில நிமிடங்கள் பேசி, முடிவைச் சொல்கிறார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே கிடைக்கும். கண்புரை அறுவை போன்ற மேல்சிகிச்சை தேவைப்படுவோர் மட்டுமே பேருந்து ஏறுகிறார்கள். கண்ணாடிக்காக ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

கண் மருத்துவமனைகளில் சேரும் படங்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் கணினி நிரல் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. அதைப் பழக்கிய 1,28,175 விழித்திரைப் படங்களில் அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. மங்கலான படத்தை எந்த நிரலாலும் சரியாக மதிப்பிட முடியாது. ஆகவே படத்தை எத்தனை தெளிவாக எடுக்கிறார் என்பதில், மையத்தில் இருக்கும் பெண்ணின் கைத்திறன் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.